குடைக்கு அந்தப் பக்கம்

எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு குடை தொங்குகிறது. இப்போது கடையில் விற்கிற மடக்குக் குடை இல்லை. நீளமானது, வளைந்த மரப்பிடி போட்டது. ஒரு கம்பி ஒடிந்து, செப்புக் கம்பி சுற்றிக் கட்டியிருக்கிறது. கறுப்புத் துணி வெளுத்து மண் நிறமாகிவிட்டது. பிடியின் வளைவில் வார்னிஷ் உரிந்து, சின்னச் சின்னதாகப் பல் பட்ட தடம் இருக்கும். என் மகனுக்குப் பல் முளைக்கும்போது கடித்தது. தூக்கிப் போடு என்று பல பேர் சொல்லிவிட்டார்கள். நான் போடவில்லை. அது என் மாமனாரின் குடை.

மாமனாரை நினைத்தால் எனக்கு முகம் வருவதில்லை, முதுகுதான் வருகிறது. வெயிலில் கறுத்த ஒல்லி முதுகு, தோளில் ஒரு துண்டு. காரணம் இருக்கிறது. எங்கள் வீட்டில் மருமகள் மாமனாரின் முகம் பார்த்துப் பேச மாட்டாள். அவரும் பேச மாட்டார். அவர் உள்ளே வந்தால் நான் எழுந்துகொள்வேன். கல்யாணமாகி வந்த முதல் வருஷம் முழுக்க எங்களுக்குள் ஒரு வார்த்தை இல்லை. மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். சொல்ல வேண்டியதை மாமனார் என் வீட்டுக்காரரிடம் சொல்வார், அவர் என்னிடம் சொல்வார். பையன் பிறந்த பிறகு பையனிடம் சொல்ல ஆரம்பித்தார். “நைனா, உங்கம்மாவ கொழம்புல உப்பு கம்மி பண்ண சொல்லு” என்பார். நானும் பையனைப் பார்த்து, “சரின்னு சொல்லுடா உங்க தாத்தாகிட்ட” என்பேன். பையன் கால் கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்ப்பான். தபால்காரன் மாதிரி அவன்தான் எங்கள் நடுவில் இருந்தான்.

பையன் தவழத் தொடங்கிய சமயம், வீட்டுக்காரர் வேலை பார்த்த இரும்பு மில்லை மூடிவிட்டார்கள். அவர் லாரிக்குப் போனார். வாரத்தில் ஒரு நாள் வீடு வருவார். பிரசவத்துக்கு முன் நான் இருந்த கம்பெனியில் திரும்பக் கூப்பிட்டார்கள், போனேன். கும்மிடிப்பூண்டியில் பிளாஸ்டிக் டப்பா செய்கிற கம்பெனி. நான் பேக்கிங்கில் இருந்தேன். கஷ்டத்துக்காகப் போனாள் என்று ஊரில் பரிதாபமாகச் சொன்னார்கள். கஷ்டம் உண்மைதான். ஆனால் எனக்கு அந்த வேலை பிடித்தும் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். பால் குடிக்கிற பிள்ளையை விட்டுவிட்டுப் போக எப்படி மனசு வருகிறது என்று கேட்டவர்களுக்கு நான் பதில் சொன்னதில்லை. இப்போதும் சொல்லப் போவதில்லை.

பிள்ளை புட்டிப்பால் குடிக்கவில்லை. ரப்பரை வாயில் வைத்தால் துப்பினான். மாமனார் ஸ்பூனில் கொடுத்துப் பார்த்தார், பாலாடையில் கொடுத்துப் பார்த்தார். முதல் நாள் சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது அழுது அழுது பிள்ளைக்குத் தொண்டை கட்டியிருந்தது. மாமனார் சட்டையெல்லாம் பால் கறை. வேலையை விட்டுவிடு என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் பையனைப் பார்த்துச் சொன்னார்: “நைனா, நாளைக்கு நாம கம்பெனிக்கு போலாம். சாப்பாட்டு மணி அடிச்சா உங்கம்மாவ கேட்டாண்ட வர சொல்லு.”

அப்படித்தான் ஆரம்பித்தது. என் பழைய புடவை ஒன்றைக் கிழித்து, பிள்ளையை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, குடையைப் பிடித்துக்கொண்டு வருவார். எங்கள் காலனி ரயில் லைனுக்கு அந்தப் பக்கம். கேட் போட்டிருந்தால் அங்கேயே நின்று கூட்ஸ் வண்டி முழுசும் போகிறவரை பிள்ளைக்குக் காட்டுவார். டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறவர்கள் சும்மா விடுவார்களா. “இன்னா பெருசு, ஆயா வேலைக்கு சேந்துட்டியா?” என்று ஒருவன் கேட்டானாம். “ஆமாம்பா. எடம் ரொம்பிடுச்சி, நீ வேற எடம் பாரு” என்றாராம். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், சாயங்காலம் நான் அடுப்படியில் இருக்கும்போது வாசலில் உட்கார்ந்து பிள்ளையிடம் உரக்கச் சொல்வார். “நைனா, கூட்ஸ்ல இன்னிக்கி புது காரா ஏத்திக்கினு போனத உங்கம்மாகிட்ட சொன்னியா? எத்தினி காரு. வெள்ள காரு, சேப்பு காரு.” என் பிள்ளையின் பகல் எனக்கு அப்படித்தான் கிடைத்தது.

கம்பெனி கேட்டுக்கு எதிரில் கால்வாய் மேல் ஒரு சின்னப் பாலம், பக்கத்தில் உட்காரும் உயரத்துக்கு ஒரு சிமெண்ட் கட்டை. மணி அடித்ததும் ஓடிவருவேன். பிள்ளையைக் கட்டையின் மேல் உட்கார வைத்துவிட்டு அவர் தள்ளிப் போவார். நான் எடுத்துக்கொள்வேன். கையோடு கை படாது. பிறகு குடையை விரித்து, என் பக்கம் சாய்த்துப் பிடித்து, ரோட்டைப் பார்த்துத் திரும்பி நின்றுவிடுவார். ஒரு கையில் பிள்ளை, மறு கையில் நான் கட்டி வந்த சோறு. எனக்கு முன்னால் கறுப்புத் துணியும் அவர் முதுகும். அதைத் தாண்டி எனக்கு ஒன்றும் தெரியாது. லாரி போகிற சத்தம் கேட்கும், யாரோ சிரிப்பது கேட்கும். நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். இப்போது யோசித்தால், அந்த வருஷத்தில் நான் நிம்மதியாகச் சாப்பிட்டது அந்த இடத்தில்தான்.

பிள்ளைக்கு மொட்டை போடப் பெரியபாளையம் கோயிலுக்குப் போனோம். வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை, நாங்கள் மூன்று பேர்தான். பஸ்ஸில் கூட்டம். ஒரு சீட் காலியானது. “நைனா, உங்கம்மாவ ஜன்னலாண்ட உக்கார சொல்லு, காத்து வரும்” என்றார். பக்கத்து சீட்டும் காலியானது, அவர் உட்காரவில்லை. ஊர் வரும்வரை குடையை ஊன்றிக்கொண்டு நின்றே வந்தார். மொட்டைத் தலையில் சந்தனம் பூசியதும் பிள்ளை அதை வழித்து அவர் மீசையில் பூசினான். அன்றைக்குத்தான் அவர் சிரித்துப் பார்த்தேன். பக்கவாட்டில்தான் பார்த்தேன்.

அது முடிந்து கொஞ்ச நாளில் கம்பெனியைப் பார்க்க வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்றார்கள். கேட்டுக்குப் பெயிண்ட் அடித்தார்கள், பூந்தொட்டி வைத்தார்கள். அன்று மத்தியானம் பிள்ளை பாதி குடித்துக்கொண்டிருக்கும்போது எங்கள் ஆபீசர் வெளியே வந்தார்.

“இங்கெல்லாம் உக்காரக் கூடாதும்மா. பாக்க நல்லாவா இருக்கு? எழுந்திரு.”

எனக்குக் கால் தானாக எழுந்தது. நாங்கள் கான்ட்ராக்ட் ஆட்கள். நாளைக்குப் பேர் இல்லை என்றால் ஏன் என்று கேட்க முடியாது. பிள்ளை மார்பை விடவில்லை.

“சொன்னா புரியாதா? நாளைலருந்து வேலைக்கி வராதன்னா புரியுமா?”

மாமனார் குடையை அசைக்கவில்லை. “கேட்டுக்கு அந்தாண்ட உங்களுது சார். இது ரோடு.”

“பெரியவரே, நான் உங்ககிட்ட பேசல.”

“நா பேசறேன். உங்க கம்பெனி நிக்கிற எடத்துல நாங்க கூலிக்கு நெல்லு அறுத்தோம். என் பொண்டாட்டி அங்க வரப்பு மேல உக்காந்துதான் இவன் அப்பனுக்கு பால் குடுத்தா. அப்பவும் ஒருத்தரு வந்து எழுந்திருன்னாரு.”

“அதுக்கு இப்ப இன்னா?”

“அவ எழுந்திருக்கல.”

பிறகு திரும்பாமலே சொன்னார். பையனிடம் சொல்லவில்லை, நைனா என்று ஆரம்பிக்கவில்லை. “எழுந்திருக்காதம்மா. புள்ள குடிச்சி முடிக்கட்டும்.”

அதுதான் அவர் என்னிடம் நேராகப் பேசிய ஒரே பேச்சு. நான் உட்கார்ந்தேன். பிள்ளை குடித்து முடித்து ஏப்பம் விடுகிறவரை உட்கார்ந்திருந்தேன். ஆபீசரின் ஷூ குடைக்கு அடியில் கொஞ்ச நேரம் தெரிந்தது. அப்புறம் தெரியவில்லை.

வேலையை விட்டு எடுக்கவில்லை. உடைந்த டப்பாக்களை அரைக்கிற மிஷினுக்கு மாற்றினார்கள். காது அடைக்கிற சத்தம், முகமெல்லாம் தூள். நானாக நின்றுவிடுவேன் என்று நினைத்திருப்பார்கள். நிற்கவில்லை. அடுத்த நாள் மத்தியானம் என்னைப் பார்த்ததும் மாமனார், “நைனா, உங்கம்மா தலைல மாவு கொட்டிக்கினு வந்துருக்கா பாரு” என்றார். பழையபடி பையனிடம்தான். குடை விரிந்தது. சில நாளில் மிஷின்காரப் பெண்கள் இரண்டு பேர் அவர்கள் சோற்றை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. பிள்ளை நடந்து, டீக்கடை பன்னைக் கண்டுகொண்டு, என்னை வேண்டாம் என்று தள்ளுகிறவரை அப்படியே போனது.

மாமனார் போய் மூன்று மழைக்காலம் ஆகிறது. பையன் இப்போது பாலிடெக்னிக் படிக்கிறான், குடை பிடிக்க வெட்கப்படுகிறான். நான் அதே கம்பெனியில்தான் இருக்கிறேன். ஆபீசர்கள் மாறிவிட்டார்கள். உள்ளே குழந்தைகளுக்கென்று ஓர் அறை வந்திருக்கிறது. கதவில் பொம்மைப் படம் ஒட்டியிருக்கிறது, உள்ளே அட்டைப் பெட்டி அடுக்கியிருக்கிறது. ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் வருகிற பெண் ஒருத்தி எங்கள் லைனில் சேர்ந்திருக்கிறாள். அவள் புருஷன் மத்தியானம் பைக்கில் குழந்தையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தூரத்தில் போய் நின்று போனைப் பார்ப்பான். அவள் பைக்குக்கும் சுவருக்கும் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்து பால் கொடுப்பாள். போன வாரம் செக்யூரிட்டி அவளை அங்கிருந்தும் எழுப்பிவிட்டதைப் பார்த்தேன்.

மறுநாள் ஆணியிலிருந்து குடையை எடுத்துக்கொண்டு போனேன். “கட்ட மேல உக்காரும்மா” என்றேன். குடையை விரித்து, அவள் பக்கம் சாய்த்து, கேட்டைப் பார்த்துத் திரும்பி நின்றேன்.

குடைக்கு அந்தப் பக்கம் நான் நின்றது அதுதான் முதல் தடவை. லாரிக்காரன் வண்டியை மெதுவாக்கி எட்டிப் பார்த்தான். பைக்கில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். மாடி ஆபீசில் யாரோ திரையை விலக்கினார்கள். ஒவ்வொரு முகமாக வந்து என் மேல் பட்டது. ஒரு வருஷத்துக்கு மேல் மாமனார் தினமும் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து கூட்ஸ் வண்டியில் போன காரை மட்டும் சொல்லியிருக்கிறார்.

செக்யூரிட்டி வந்தான். “அக்கா, எழுந்து போக சொல்லுக்கா. மேல பாக்கறாங்கோ, எனக்கு பேஜாரு ஆவும்.”

“பாக்கட்டும். கொழந்த குடிக்கிது.”

“அக்கா.”

பின்னால் அந்தப் பெண் எழுந்துகொள்ளும் சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை. “எழுந்திருக்காதம்மா” என்றேன். என் கட்டைவிரல் பிடியின் வளைவில், அந்தப் பல் தடத்தின் மேல் இருந்தது.