ஆச்சு என்ற என் பதில்

சென்ற ஆண்டு புரட்டாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், மலேசியாவில் கோலசிலாங்கூருக்கு அருகிலுள்ள தாதியர் பயிற்சி நிலையம் ஒன்றில் நடந்தது இது. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றுவிட்ட நான், முப்பத்தோராண்டுகள் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றிவரும் லோரிகளை எடைபோட்டு ஓய்வு பெற்றவன். அந்த நிலையத்தின் ஆசிரியை எங்கள் கோயிலுக்கு வந்து, நோயாளியாக நடிப்பதற்குத் தமிழ் பேசும் முதியவர்கள் வேண்டும் என்று கேட்டார். நோயில்லாத ஒருவனை வைத்து நோயறியக் கற்பிப்பது எவ்வாறு என்று அறியும் ஆவல் என்னைப் பிடித்துக்கொண்டது. உடனே சம்மதித்தேன்.

எனக்குத் தரப்பட்ட தாளில், குளியலறையில் வழுக்கி விழுந்து வலது முழங்கால் வலிக்கிறது என்று இருந்தது. "கேட்டா மட்டும் சொல்லுங்கய்யா, நீங்களா எதுவும் சொல்லிடாதீங்க" என்றார் ஆசிரியை. மூன்று மாணவிகள் ஒருவர் பின் ஒருவராக வந்து, என்ன பார்த்தோம், அதற்கு என்ன காரணம் இருக்கலாம், அடுத்து என்ன செய்வோம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதற்கு மதிப்பெண் உண்டு. மனத்துக்குள் ஓடுவதைப் பிறர் கேட்கச் சொல்லும் அந்த முறை எனக்கு மிகவும் புதுமையாக இருந்தது.

முதல் மாணவி கட்டிலருகே வந்ததும், "சாப்டாச்சா தாத்தா?" என்றாள்.

"ஆச்சும்மா" என்றேன்.

உண்மையில் ஆகவில்லை. பெருமாளுக்குரிய சனிக்கிழமையாதலால், நண்பகல் பூசை முடியும்வரை நான் எதுவும் உண்பதில்லை. ஆயினும் ஓரிடத்துக்குப் போய், இன்னும் சாப்பிடவில்லை என்று சொல்வது, சோறு போடு என்று கேட்பதற்குச் சமம் என்றே தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் வளர்க்கப்பட்டோம். யார் கேட்டாலும் ஆச்சு என்பதே மரியாதை. அவளும் அவ்வாறே எழுதிக்கொண்டாள். இனிப்புநீர் எனப்படும் சர்க்கரை நோய்க்கான மாத்திரையை மட்டும் காலையில் தவறாமல் விழுங்கியிருந்தேன். விரதம் சோற்றுக்குத்தானே, மருந்துக்கு இல்லையே என்பது அன்றைய என் தர்க்கம்.

இரண்டாம் மாணவி முழங்காலை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் விரல்கள் நடுங்கத் தொடங்கின. குளிரூட்டிய அறையில் நெற்றி வியர்த்தது. விரதக் களைப்பு என்று எண்ணி வாளாவிருந்தேன். கேட்டால் மட்டும் சொல் என்ற உத்தரவும் இருந்ததல்லவா?

"தாத்தா சூப்பரா நடிக்கிறாரு லா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லாரும் சிரித்தார்கள். ஆசிரியையும் புன்னகைத்தார். எனக்குச் சற்றுப் பெருமையாகக்கூட இருந்தது.

மூன்றாவதாக வந்தவள் குட்டையான, மெல்லிய குரலுடைய பெண். இதே தேர்வில் முன்பு ஒருமுறை தவறியவள் என்று பின்னர் அறிந்தேன். அவள் முழங்காலைத் தொடவே இல்லை. என் உள்ளங்கையைப் பிடித்தபடி நின்றாள்.

"டைம் ஓடுதும்மா. கேஸ் முழங்கால்" என்றார் ஆசிரியை.

"மேடம், கை சில்லுன்னு இருக்கு, வேர்க்குது. இது பேப்பர்ல இல்ல."

"அவர் நடிக்கிறாரும்மா."

அவள் என் பக்கம் குனிந்து, "தாத்தா, இப்ப நடிக்காதீங்க. காலையிலேருந்து வாயில என்னென்ன போட்டீங்க? ஒண்ணு விடாம வரிசையா சொல்லுங்க" என்றாள்.

அந்தக் கேள்விக்கு ஆச்சு என்று விடை சொல்ல வழியில்லை. யோசிக்க முயன்றேன். அறை மெல்லச் சுழன்றது.

"மாத்திரை" என்றேன். வேறொன்றும் சொல்ல இருக்கவில்லை.

"மேடம், நான் டெஸ்ட்ட நிறுத்துறேன்" என்றவள், ஆசிரியையின் அனுமதிக்குக் காத்திராமல் மேசையிலிருந்த, சர்க்கரை பார்க்கும் கருவியை எடுத்து என் விரலைக் குத்தினாள். நான்குக்குக் குறைந்தாலே ஆபத்து என்னும் இந்நாட்டு அளவில், இரத்தத்தில் சர்க்கரை மூன்றுக்கும் கீழே இறங்கியிருந்தது. அதன்பின் யாரும் சிரிக்கவில்லை. யாரோ தண்ணீரில் சீனியைக் கரைத்துக் கொண்டுவர, அவள் என் தலையைத் தாங்கிப் பருகச் செய்தாள். கால் மணி நேரம் கழித்து மறுபடியும் குத்திப் பார்த்தபோதுதான் அவள் முகம் தெளிந்தது. இன்னும் சற்று நேரம் போயிருந்தால் நினைவு தப்பியிருக்கும் என்றார் ஆசிரியை. "நானும் நடிப்புன்னுதான் நெனச்சேன். தப்பு என்னோடது" என்று எல்லா மாணவிகள் முன்னிலையிலும் ஒப்புக்கொண்டார்.

தெளிந்தபின் அப்பெண்ணிடம், மற்றவர்களுக்குத் தெரியாதது உனக்கு எப்படித் தெரிந்தது என்று வினவினேன்.

"வலிய நடிக்கலாம் தாத்தா, வேர்வைய நடிக்க முடியுமா?" என்றாள். பின் சிரித்துக்கொண்டே, "எங்க வீட்லயும் பட்டினி கெடந்தாலும் ஆச்சுன்னுதான் சொல்லுவாங்க. அதான் மாத்திக் கேட்டேன்" என்றாள்.

முழங்காலைப் பார்க்காததால் அவள் அத்தேர்வை மறுபடியும் செய்ய நேர்ந்தது. விதி அப்படியாம். அடுத்த புதன்கிழமை, நானே விரும்பிப் போய் அதே கட்டிலில் படுத்தேன். அவள் வாய் திறக்குமுன், "நாலு தோசை, சாம்பார், ஒரு கோப்பைத் தேத்தண்ணி, எட்டு மணிக்கு" என்று ஒப்பித்தேன். "கேட்டா மட்டும் சொல்லுங்கய்யா!" என்று ஆசிரியை அதட்ட, அறையே சிரித்தது. அன்று அவள் தேறினாள்.

என் பக்கத்து வீட்டில் தனித்து வாழும் அம்மையாரிடம் நாள்தோறும் வேலியோரம் நின்று சாப்பிட்டாச்சா என்று கேட்பது என் நெடுநாள் வழக்கம். ஆச்சு என்பார், நானும் நகர்ந்துவிடுவேன். இப்போது, "இன்னிக்கு என்ன சமைச்சீங்க?" என்று கேட்கிறேன். சில நாள்களில் விடை வரச் சற்றுத் தாமதமாகிறது. அந்தத் தாமதம் முடியும்வரை நகர்ந்துவிடாமல் நிற்க, எழுபது வயதுக்கு மேல், தேர்வில் இருமுறை தவறிய ஒரு சிறு பெண்ணிடமிருந்து கற்றுக்கொண்டேன்.