போஞ்சிக்காரர்களுக்கு ஒரு வானொலி

வானொலியில் வேலை செய்வதில் ஒரு வசதியும் உண்டு, ஒரு கஷ்டமும் உண்டு. தலை சீவாமல் வந்தாலும் யாருக்கும் தெரியாது. பேசுவதை யாராவது கேட்கிறார்களா என்பது நமக்கும் தெரியாது. ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்கிறவர்கள், கமராவை மூடி வைத்துக்கொண்ட பிள்ளைகளுக்கு இணையத்தில் பாடம் எடுத்த ஆசிரியர்கள், வாட்ஸ்அப் குழுவில் நீளமாக எழுதிவிட்டுப் பதிலுக்காகப் பார்த்துக்கொண்டே இருந்தவர்கள் எல்லாரும் என் கட்சி. உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

கண்டி நகரத்துக்கு மேலே ஒரு மேட்டில் இருக்கும் சிறிய வானொலி நிலையத்தில் நான் அறிவிப்பாளர். நாள் முழுக்கச் சிங்கள நிகழ்ச்சிகள். தமிழுக்கு அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்தைச் சிறு தோட்டக்காரர்களுக்குக் கொடுப்பது என்று முகாமையாளர் முடிவு செய்தார். தெல்தோட்டை, ஹேவாஹெட்ட பக்கம், தேயிலைத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் ஒரு துண்டு நிலத்தில் போஞ்சி என்கிற பீன்ஸும் லீக்ஸும் கோவா என்கிற முட்டைக்கோசும் போடுகிறவர்களுக்காக. நான் கண்டி நகரத்தையொட்டிய குண்டசாலையில் பிறந்து வளர்ந்தவள். அதுவரை நான் செய்த விவசாயம் பூச்சாடியில் வைத்த ஒரு கறிவேப்பிலை, அதுவும் பட்டுப்போயிருந்தது.

காலை எட்டு மணி

நிகழ்ச்சி காலை எட்டு மணிக்கு. நாற்று நடுவது, பசளை போடுவது என்று முதல் சில வாரங்கள் உற்சாகமாகப் பேசினேன். தொலைபேசி இலக்கத்தையும் திரும்பத் திரும்பச் சொன்னேன். ஒருவரும் அழைக்கவில்லை. ஒலிப்பதிவைப் பார்த்துக்கொள்ளும் நிசாம் நானாவிடம், லைன் வேலை செய்கிறதா என்று கேட்டேன். அவர் தன் கைபேசியிலிருந்து அழைத்துக் காட்டினார். கலையகத்து போன் கணீரென்று அடித்தது. எங்கள் நிகழ்ச்சிக்கு வந்த முதல் அழைப்பு அதுதான்.

பிறகு ஒருநாள், "நீங்க பேசவே வேணாம், ஒரு மிஸ்ட் கோல் மட்டும் குடுங்க, நாங்க திருப்பி எடுக்கிறோம்" என்று மைக்கில் கேட்டுக்கொண்டேன். ஒரே ஒரு மிஸ்ட் கோல் வந்தது. திருப்பி எடுத்தால் ஒரு பெண் குரல். பெயர் சந்திரா, தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். அன்று காய்ச்சல் என்பதால் வேலைக்குப் போகவில்லையாம். காலை எட்டு மணிக்குத் தோட்டத்தில் இருக்கிற எல்லாரும் மலையில் நிற்பார்கள் என்பதே அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்படியென்றால் இவ்வளவு நாளும் யாருமே கேட்கவில்லையா என்றேன். அவர் என் மனம் நோகாமல் சொன்னார்.

"கீரி வந்துறக் கூடாதுன்னு ரேடியோவ சத்தமா போட்டுட்டுத்தான் வேலைக்குப் போவோம் தங்கச்சி. உங்க நிகழ்ச்சிய எங்க கோழிங்க தவறாம கேக்குதுங்க."

பங்கஜம்

நிகழ்ச்சியை மாலை ஆறு மணிக்கு மாற்றினோம். அழைப்புகள் வரத் தொடங்கின. நோய், பூச்சி என்று கேட்டால் பதில் சொல்ல எனக்கு வக்கில்லை. ஆகவே விவசாயப் போதனாசிரியர் சிவபாலன் வாரம் ஒருமுறை கலையகத்துக்கு வந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். நல்ல மனிதர். ஆனால் மைக்கைக் கண்டதும் பாடப்புத்தகமாகிவிடுவார். போஞ்சி இலையில் துரு மாதிரிப் புள்ளி விழுகிறது என்று ஒருவர் கேட்டதற்கு, "அது பங்கசால வாறது. பங்கசை உடன கட்டுப்படுத்தாட்டித் தோட்டம் முழுக்கப் பரவீடும். பங்கசுநாசினி விசிறித்தான் அழிக்கவேணும்" என்று அழுத்தம் திருத்தமாகச் சொன்னார். எனக்கு அதில் பிழை எதுவும் தெரியவில்லை.

நிகழ்ச்சி முடிவதற்குள் சந்திரா அக்கா அழைத்துவிட்டார். குரலில் உண்மையான கவலை. சிவபாலன் காதில் ஹெட்போன் மாட்டியிருந்தார். கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது. அடுத்த வாரத்திலிருந்து அவர் "இலையில ஒட்டுற பூஞ்சை" என்றே சொல்லத் தொடங்கினார். சந்திரா அக்கா அன்று கேட்டது இவ்வளவுதான்.

"எங்க லயத்துல பங்கஜம்னு ஒரு அக்கா இருக்காங்க. வாய் கொஞ்சம் நீளம்தான், இல்லேன்னு சொல்லல. ஆனா மருந்து அடிச்சு அழிக்கணும்னு ரேடியோவுல சொல்ற அளவுக்கு அவங்க என்னங்க செஞ்சாங்க?"

ரேடியோவுக்குச் சொன்னது

கலையகத்திலேயே உட்கார்ந்திருந்தால் ஆட்களின் முகம் எப்போது தெரியும் என்று, நிசாம் நானாவையும் ஒலிப்பதிவுக் கருவியையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி ஹேவாஹெட்டவுக்குப் போனேன். ராணி, செல்வமேரி என்று இரண்டு பேரின் துண்டு நிலங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. நடுவில் ஒரு கம்பி வேலி. ஒரே மண், ஒரே தண்ணீர். ஆனாலும் செல்வமேரியின் போஞ்சிக் கொடி பந்தல் நிறையக் காய்த்திருந்தது. ராணியுடையது நோஞ்சானாக நின்றது. காரணம் கேட்டு ராணியிடம் மைக்கை நீட்டினால் அவருக்கு வாயே திறக்கவில்லை. செல்வமேரியும் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். மலையிலிருந்து குழாய் வழியே வந்து விழும் பீலித் தண்ணீரை யார் முதலில் பிடிப்பது என்று எப்போதோ வந்த சண்டையில் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று பக்கத்தில் நின்றவர்கள் என் காதில் சொன்னார்கள்.

நிசாம் நானா மைக்கை என் கையிலிருந்து வாங்கி ராணியிடம் கொடுத்தார். "நீங்களே கேளுங்க, நாங்க சும்மா நிக்கிறம்" என்றார். ராணி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வேலியருகே போய், தலையைக் குனிந்துகொண்டு, "உங்க போஞ்சிக்கு மட்டும் என்னா செய்றீங்க? நானும் ரொம்ப நாளா பாத்துக்கிட்டுதான் இருக்கேன்" என்று கேட்டு, மைக்கை வேலிக்கு மேலால் நீட்டினார். செல்வமேரி அதை வாங்கிக்கொண்டார். ராணியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னார். கம்புகளை நெருக்கமாக நடக்கூடாது, காற்றுப் போக இடம் விடவேண்டும், அடியில் பழுக்கும் இலைகளைக் கிள்ளித் தூரக் கொண்டுபோய்ப் போடவேண்டும். ராணி இரண்டாவது கேள்வி கேட்டார். அப்புறம் மூன்றாவது. மைக் வேலிக்கு மேலால் போய் வந்துகொண்டே இருந்தது. திரும்பும்போது, இனிமேல் பேசிக்கொள்வீர்கள்தானே என்று செல்வமேரியிடம் மெதுவாகக் கேட்டேன்.

"நான் ரேடியோவுக்குத்தான் சொன்னேன். பக்கத்துல யாராச்சும் நின்னு கேட்டுக்கிட்டா அதுக்கு நான் என்னா பண்றது?"

கலங்கிய தண்ணீர்

அந்த வருடக் கடைசி மழையைப் பற்றி இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வானம் வெளுக்கவே இல்லை. போஞ்சியையும் கோவாவையும் ஒதுக்கி வைத்துவிட்டு, சிவபாலன் மலைச்சரிவில் இருப்பவர்களிடம் மண்சரிவைப் பற்றி நேரடியாகப் பேசினார். அன்று அவரிடம் பாடப்புத்தகம் இல்லை. "பீலித் தண்ணி கலங்கி வந்தா, நிலத்தில வெடிப்புக் கண்டா, சாமானைப் பாக்காதேங்கோ, வெளிக்கிடுங்கோ" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மறுநாள் மின்சாரமும் போய், போன் கோபுரங்களும் விழுந்தன. நாங்கள் ஜெனரேட்டரில் ஓடினோம். எந்தப் பாதை மூடியிருக்கிறது, எந்தப் பள்ளிக்கூடம் திறந்திருக்கிறது என்று நாள் முழுக்க வாசித்தோம். எங்கள் போன் மறுபடியும் முதல் வாரங்களைப் போல ஊமையாகக் கிடந்தது. ஒவ்வொரு தடவையும் வாசித்து முடித்ததும், "தெல்தோட்டை சந்திரா அக்கா, கேட்கிறீங்களா?" என்று சேர்த்துக்கொண்டேன். அறிவிப்பாளர் அப்படித் தனிப்பட ஒருவரைக் கூப்பிடக்கூடாது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்த நிசாம் நானா என் மைக்கின் ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்தார்.

பல நாள் கழித்துத்தான் சந்திரா அக்காவின் குரல் வந்தது. அன்று சிவபாலன் பேசியதைக் கேட்டுவிட்டு, பீலியில் குடத்தை வைத்துப் பார்த்திருக்கிறார். தண்ணீர் செம்மண் நிறத்தில் விழுந்திருக்கிறது. புருஷனையும் பிள்ளைகளையும் லயத்து ஆட்களையும் கிளப்பிக்கொண்டு மேலே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார். பங்கஜம் அக்கா வரமாட்டேன் என்று நின்றாராம்; கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாராம். விடியும்போது பின்பக்கத்துச் சரிவு இறங்கியிருந்தது. போஞ்சித் தோட்டம் இல்லை, சமைக்கும் குசினி இல்லை. ஆட்கள் எல்லாரும் இருந்தார்கள். தினமும் உங்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன் அக்கா என்று மட்டும் சொன்னேன்.

"கேட்டுச்சு தங்கச்சி. பள்ளிக்கூட ஜன்னல்ல பெட்டரி ரேடியோவ மாட்டி வச்சிருந்தோம். நீங்க கூப்பிடுற நேரமெல்லாம் எல்லாருமா சேந்து 'இருக்கோம், இருக்கோம்'னு சத்தம் போட்டோம். உங்களுக்குத்தான் கேக்கல."

பொதிகள்

தெல்தோட்டையில் விதை இல்லை என்று ஒரு மாலை நிகழ்ச்சியில் சொன்னேன். அதன் பிறகு வந்ததை நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. பஸ் கண்டக்டர்கள் கையிலும் முச்சக்கரவண்டிகளிலும் பொதிகள் வந்து இறங்கின. யோகட் கோப்பையில், பால்மா பைக்கற்றில், இருமல் மருந்துப் போத்தலில், குழந்தையின் காலுறையில் என்று விதைகள். ஹேவாஹெட்டவிலிருந்து ஒரே பையில் இரண்டு முடிச்சுகள் வந்தன. கொண்டுவந்தவர், ராணியும் செல்வமேரியும் சேர்ந்து கொடுத்தது என்றார். எந்தப் பொதியிலும் என்ன விதை என்று எழுதியிருக்கவில்லை. வைக்க இடமில்லாமல் கலையகத்துக் கதிரைகளுக்குக் கீழும், அலுமாரிக்கு மேலும் அடுக்கினோம்.

அடுத்த திங்கட்கிழமை சிங்களச் செய்தி பாதியில் நின்றுபோனது. முகாமையாளர் ஓடிவந்தார். நிசாம் நானா மேசைக்கு அடியில் படுத்து டோர்ச் அடித்துப் பார்த்தார். ஒரு காலுறை கிழிந்து கிடந்தது. அதன் பக்கத்தில் இரண்டாகக் கடிபட்ட வயரும் கிடந்தது. முகாமையாளர் என்னைப் பார்த்தார். நான் நிசாம் நானாவைப் பார்த்தேன். அவர் வயரைக் கையில் பிடித்தபடி எழுந்து, எங்களுக்காக ஒரு நல்ல வார்த்தை சொன்னார்.

"சேர், எங்கட நிகழ்ச்சிக்கு இப்ப எலியும் வருது. கேக்கிற ஆக்கள் கூடிட்டாங்கன்னுதான் அர்த்தம்."

பெயர் தெரியாத கொடி

மழை விட்டு, பாதை திறந்து, சந்திரா அக்கா வேறு ஒரு துண்டு நிலத்தில் அந்த விதைகளைப் போட்டார். கொடி ஏறிய பிறகு, சிவபாலனையும் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனோம். அவ்வளவு காலம் பேசியும் அவரை நேரில் பார்ப்பது அன்றுதான் முதல் தடவை. லயத்து வாசலில் நின்ற பெண்கள் என்னைக் கடந்து பின்னால் வந்த நிசாம் நானாவிடம், ரேடியோ மிஸ் வரவில்லையா என்று கேட்டார்கள். நான் வணக்கம் சொன்னதும் எல்லாரும் திரும்பினார்கள். பங்கஜம் அக்கா என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, குரலைக் கேட்டு இன்னும் உயரமாக எதிர்பார்த்ததாகச் சொன்னார். வாய் நீளம் என்று கேள்விப்பட்டிருந்தேன், உண்மைதான்.

தோட்டத்தில் செடிப் போஞ்சியும் கொடிப் போஞ்சியும் கலந்துகட்டி நின்றன. நடுவில் ஒரு கொடி மட்டும் வேறு மாதிரி. தண்டு ஊதா, இலையில் வெள்ளை நரம்பு. பக்கத்துக் கம்புகளையும் பிடித்துக்கொண்டு ஏறியிருந்தது. எந்தப் பொதியில் வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. சிவபாலன் படம் எடுத்துத் தன் நண்பர்களுக்கு அனுப்பினார். ஆளுக்கொரு பெயர் வந்தது. நிகழ்ச்சியில் அடையாளம் சொல்லிக் கேட்டேன். மொச்சை என்றார் ஒருவர், சிறகவரை என்றார் இன்னொருவர், மாட்டுக்குப் போடுகிற கொடி, சும்மா விடாதீர்கள் என்றார் மற்றொருவர். போஞ்சியின் வெயிலை அது மறைக்கிறதே என்று எனக்குக் கவலை. பிடுங்கிவிடலாமா அக்கா என்று பிறகு போனில் கேட்டேன். சந்திரா அக்கா அவசரப்படவில்லை.

"யாரோ முகம் தெரியாதவங்க நமக்குன்னு அனுப்பினது தங்கச்சி, இருந்துட்டுப் போகட்டும். காய்ச்சதும் ஆக்கித் தின்னு பாத்துட்டு, என்னான்னு நானே ரேடியோவுல சொல்றேன்."

இந்த மாத நிகழ்ச்சி நிரலைக் கொடு என்று முகாமையாளர் தினமும் கேட்கிறார். அது தெல்தோட்டையில் ஒரு கொடி எப்போது காய்க்கிறது என்பதைப் பொறுத்தது என்று அவரிடம் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.