வெறும் வயிறு

ரெபேக்காளுக்கும் கணக்குக்கும் ஆகவே ஆகாது. பத்தாம் வகுப்பில் இரண்டு முறை அது அவள் காலை வாரிவிட்டது. அப்பேர்ப்பட்டவள் ஒரு கம்ப்யூட்டர் செய்த தப்பைக் கண்டுபிடித்தாள் என்றால் நெம்மேலி காலனியில் இன்றைக்கும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், நடந்தது நடந்ததுதான்.

கேளம்பாக்கத்தில் டாக்டர் லக்ஷ்மிநாராயணன் நடத்திய ஆயுர்வேத மருத்துவமனைக்கு 1996இல் கூட்டிப் பெருக்கத்தான் அவள் போனாள். கையெழுத்து மணிமணியாக இருப்பதைப் பார்த்த டாக்டர், துடைப்பத்தை வாங்கி வைத்துவிட்டுப் பேனாவைக் கொடுத்தார். நோயாளியிடம் வயது, வேலை, தூக்கம், பசி எல்லாம் கேட்டு ஒரு தாளில் எழுதுவது அவள் பொறுப்பு. உள்ளே டாக்டர் மூன்று விரல் வைத்து நாடி பார்த்து, வாதம் பித்தம் கபம் மூன்றில் எது ஓங்கியிருக்கிறது என்று அதே தாளில் குறிப்பார்.

2005இல் ஹேமந்த் வந்தார். படூர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறவர். அந்தத் தாள்களைப் பார்த்ததும் அவருக்குக் கண் விரிந்தது.

"சார், யாருக்குப் பின்னால சர்க்கரை வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும். அவங்க பழைய தாளையெல்லாம் கம்ப்யூட்டருக்குக் காட்டினா, இனிமே யாருக்கு வரும்னு அதுவே கத்துக்கிட்டுச் சொல்லும்" என்றார். புதிதாக வருகிறவர்களுக்கு நாடியோடு, வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரையும் பார்ப்பதென்று முடிவாயிற்று. திட்டம் தேறினால் ரெபேக்காளுக்கு வேலை நிரந்தரம் என்று டாக்டர் வாய்விட்டே சொன்னார்.

ரெபேக்காள் காலனியையே திரட்டிக்கொண்டு வந்தாள். வேலைக்காக மட்டுமில்லை. பக்கத்து வீட்டு எல்லம்மாள் அவளோடு கூடவே வளர்ந்தவள், கட்டட வேலைக்குப் போகிறவள். அவளுடைய அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பது, கால் மரத்துப்போய் அழுகிய பிறகுதான் தெரிந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். எல்லம்மாளுக்கும் அந்தக் கதி வந்துவிடுமோ என்று ரெபேக்காளுக்கு ஓயாத பயம்.

ஒரு வருடம் கழித்து முடிவு வந்தது. கல்பாக்கத்திலிருந்தும் அடுக்குமாடிகளிலிருந்தும் வந்த உத்தியோகக்காரர்களில் யாருக்கு வரும், யாருக்கு வராது என்று கம்ப்யூட்டர் அழகாகப் பிரித்துவிட்டது. காலனிக்காரர்கள் நூற்றுப் பன்னிரண்டு பேரில் தொண்ணூற்றெட்டுப் பேருக்கு வரும் என்றது. வெயிலில் மண் சுமக்கிற சனத்துக்கு!

ஹேமந்த் தலையைச் சொறிந்தார். "இவங்க உடம்பு வாகே வேற போலிருக்கு சார். இந்த நூத்திப் பன்னெண்டையும் எடுத்துட்டா மிச்சம் சுத்தமா வருது."

ரெபேக்காளுக்குச் சுருக்கென்றது. எங்கெங்கோ தன் சனத்தை ஒதுக்கிவைத்ததைப் பார்த்து வளர்ந்தவள் அவள். இந்தப் பெட்டியும் ஒதுக்க வேண்டுமா? அதோடு எல்லம்மாளின் தாளும் போகும். அவளுக்கு என்ன வரப்போகிறதென்று முன்கூட்டிச் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள்.

மறுநாள் காலை எல்லம்மாளே தலைவலி என்று வந்து நின்றாள். ரெபேக்காள் வழக்கம்போலத் தாளை எடுத்தாள்.

"வெறும் வயிறா?"

"ஆமாண்டி. இன்னும் நாஸ்தாவே பண்ல."

சொன்னவள் கையில் எதிர்க்கடை டீ கிளாஸ். ரெபேக்காளின் பேனா நின்றது.

"இது இன்னா?"

"டீ. கண்ணு தெரியலியா?"

"அப்புறம் வெறும் வயிறுன்ற?"

"டீ குடிச்சா துன்னதா ஆயிடுமா? நீதானே சொல்லுவ, போய் ஒரு டீ அடிச்சுட்டு வா, டோக்கன் நான் பாத்துக்கறேன்னு."

உண்மைதான். விடிகாலை பஸ் பிடித்து வருகிறவர்களை டீ இல்லாமல் உட்காரவைக்க அவளுக்கு மனசு வராது. இட்லியோ சோறோ உள்ளே போனால்தான் சாப்பாடு, டீயை எவரும் கணக்கில் சேர்ப்பதில்லை. உத்தியோகக்காரர்கள் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் வருவார்கள். இவர்களோ சர்க்கரை தூக்கலான டீயோடு வந்து கையை நீட்டினார்கள். ரத்தத்தில் சர்க்கரை ஏறாமலும் நாடி துள்ளாமலும் என்ன செய்யும்? அத்தனை தாளிலும் 'வெறும் வயிறு' என்று மணிமணியாக எழுதியது அவள் கைதான்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை நிரந்தரம். திறந்தால் இருக்கிற வேலைக்கே உலை. ஆனாலும் எழுந்து உள்ளே போனாள்.

"டாக்டர் சார், தப்பு எங்க ஆளுங்க ஒடம்புல இல்ல. நான் எழுதுனதுல கீது" என்று போட்டு உடைத்தாள்.

டாக்டர் முகம் சிவந்துவிட்டது. "ஒரு வருஷ உழைப்பும்மா! நிரந்தரம் கிரந்தரம்னு இனிமே என்கிட்ட வராதே."

"வூட்டுக்கு அனுப்புனாலும் போறேன் சார். அந்தத் தாளுங்கள மட்டும் எடுத்துடாதீங்க. மறுபடியும் பாத்துடலாம்."

ஹேமந்த் தலை குனிந்திருந்தார். "உடம்பு வாகுன்னு சொன்னது நான்தான் சார். அவங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்" என்றார்.

டாக்டர் அரை மனசாக ஒப்புக்கொண்டார். அதன் பிறகு காலை ஐந்தரைக்கே காலனி சர்ச் வாசலில் டாக்டருக்கு பிளாஸ்டிக் நாற்காலி போட்டாயிற்று. ரெபேக்காள் டீக்கடை வாசலில் மறித்துக்கொண்டு நின்றாள். மறைமலைநகருக்குக் கம்பெனி பஸ் பிடிக்கிற கண்ணாயிரம், "காலங்காத்தால ஒரு டீ கூட குடிக்க வுடாம இன்னா பேஜாரு பண்ற?" என்று கத்தினான். கத்திவிட்டு வந்து கையை நீட்டினான்.

இந்தத் தடவை கம்ப்யூட்டர் பதினொரு பேரைத்தான் காட்டியது. அதில் ஒருத்தி எல்லம்மாள்.

"இந்த ஒல்லிக்குச்சி ஒடம்புல சக்கர எங்கடி ஒக்காரும்?" என்று அவள் சிரித்தாள். அப்போதைய சோதனையிலும் ஒன்றுமில்லை. ரெபேக்காள் விடவில்லை, மூன்று மாதத்துக்கொரு தரம் பஸ் ஏற்றினாள். நாலாவது தடவை சர்க்கரை எட்டிப் பார்த்தது. டாக்டர் பத்தியம் சொல்லி மருந்து கொடுத்தார், இங்கிலீஷ் மாத்திரைக்கும் சீட்டு எழுதி அனுப்பினார். கம்ப்யூட்டர் ஒன்றும் கடவுள் இல்லை. பதினொன்றில் நாலு பேர் விஷயத்தில் அது சொன்னது நடக்கவேயில்லை. ரெபேக்காளின் வேலையை டாக்டர் 2008இல், பழசெல்லாம் மறந்தவர்போல நிரந்தரம் செய்தார்.

அடுத்த மாசி மகத்துக்கு எல்லம்மாள் மாமல்லபுரம் கடலில் குளிக்கப் போனாள், ரெபேக்காளும் துணைக்குப் போனாள். ஈர மணலில் நடந்துகொண்டிருந்த எல்லம்மாள் "ஆ" என்று கத்திவிட்டு உட்கார்ந்தாள். உள்ளங்காலில் உடைந்த கிளிஞ்சல் ஏறியிருந்தது. ரெபேக்காள் பதறிக் குனிந்து காலைப் பிடித்தாள்.

"வலிக்குதாடி?"

"வலிக்குதுடி" என்றாள் எல்லம்மாள். கண்ணில் நீர் நின்றது, முகம் சிரித்தது. "எங்கம்மாவுக்குக் கண்ணாடி குத்துனதே தெரியல. எனக்கு வலிக்குது பாரு, நல்லா வலிக்குது."