ஒரு வாக்கு நிராகரிக்கப்பட்ட விதம்

பாராளுமன்றத் தேர்தலுக்கு நான்கு நாள் இருக்கும்போது பல்கலைக்கழகத்திலிருந்து வீட்டுக்குப் புறப்பட்டேன். அரசறிவியல், இரண்டாம் வருடம். ஹட்டனில் நோர்வூட் பஸ்ஸுக்கு நிற்கும்போதே வாய் துறுதுறுத்தது. மாற்றம், மாற்றம் என்று விரிவுரைகளில் அவ்வளவு கேட்டிருந்தேன். அதை எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் கொண்டுபோய் இறக்குவது மட்டும்தான் பாக்கி என்ற நினைப்பு.

அம்மா மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்து, அட்டை கடித்த காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டிருந்தார். யாருக்குப் போடப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

"அது முடிஞ்சு போச்சு புள்ள."

"என்னம்மா முடிஞ்சது? எலெக்ஷனே இன்னும் வரலையே?"

"கோயில்ல சூடம் அடிச்சாச்சு."

விஷயம் இதுதான். முந்திய வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் யாரையும் வீட்டுக்குப் போக விடவில்லை. லயம் லயமாகக் கூப்பிட்டு, மாரியம்மனுக்கு முன்னால் எரியும் சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்கவைத்து, தன் கட்சிக்கே போடுவோம் என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். கூரைத் தகரம் கிடைக்கப்போகிறவர்களின் பெயர்ப் பட்டியல் அப்போது அவர் சட்டைப்பையில் இருந்ததாம். எங்கள் ஒற்றையறைக் காம்பராவில் மழை பெய்தால் மூன்று சட்டி வைக்க வேண்டும். அம்மாவும் சூடம் அடித்திருக்கிறார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. நேரே தலைவரிடம் போனேன். கடைவாசலில் நாலு பேரோடு நின்றிருந்தார்.

"தலைவரே, ரகசிய வாக்கெடுப்புன்னா என்னான்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும் தங்கச்சி. பொட்டிக்குள்ள யாரு என்னா போட்டாங்கன்னு எனக்குத் தெரியாது. ஆத்தாளுக்குத் தெரியும்ல? கேம்பஸ்ல இதெல்லாம் சொல்லித் தர மாட்டாங்களோ?"

நாலு பேரும் சிரித்தார்கள். அவர்களில் இருவர் வீட்டுக் கூரையும் ஒழுகுவதுதான். அந்தச் சிரிப்பை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பி அம்மாவிடம் கத்தினேன். பயமுறுத்தி வாங்கிய சத்தியம் சத்தியமே இல்லை என்றேன். ஆத்தா என்ன, அந்த ஆளுக்கு ஏஜென்ட்டா என்று கேட்டேன். வாயைக் கழுவு என்றார் அம்மா. படித்ததையெல்லாம் எடுத்துவிட்டேன். ஒன்றும் எடுபடவில்லை. கடைசியில் அவர் கையைப் பிடித்து இழுத்து என் தலைமேல் வைத்தேன்.

"என் மேல சத்தியம் பண்ணுங்க. மாத்தம்னு சொல்ற கட்சிக்குத்தான் போடுவேன்னு சொல்லுங்க."

கொழுந்துச் சாயம் ஏறிக் கறுத்த விரல்கள். எடுக்கப் பார்த்தார். நான் விடவில்லை.

"இதுக்குத்தான் படிக்கப் போனியா?" என்றார். பிறகு, "சரி, சத்தியம்" என்றார்.

ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். கொப்பித் தாளில் வாக்குச்சீட்டு மாதிரி ஒன்று வரைந்து காட்டினேன். ஒரு கட்சிக்கு நேரே பெருக்கல் குறி மாதிரி ஒரே ஒரு புள்ளடி, இரண்டு கட்சிக்குப் போட்டால் சீட்டே செல்லாது என்று இரண்டு தடவை சொன்னேன். அம்மா தலையாட்டினார்.

தேர்தலன்று தோட்டப் பாடசாலையில் வரிசையில் நின்று இரண்டு பேரும் போட்டோம். சுண்டுவிரல் மையோடு மேட்டில் ஏறி வரும்போது கேட்டேன்.

"போட்டீங்களா?"

"போட்டேன்."

"யாருக்கு?"

"ரெண்டு பேருக்கும்."

அப்படியே நின்றுவிட்டேன். "ரெண்டு போட்டா செல்லாதுன்னு சொன்னேன்லம்மா!"

"சொன்னியே. அதான் போட்டேன்." அம்மா நிற்காமல் நடந்தார். "அவன் ஆத்தா மேல வாங்கினான், நீ உன் தலை மேல வாங்கின. நான் எதை முறிக்கிறது? அந்தத் தாள்ல எனக்குன்னு எடம் விட்டீங்களா ரெண்டு பேரும்?"

நாட்டில் மாற்றம் ஜெயித்தது. டவுனில் பட்டாசு வெடித்தார்கள். நான் காம்பராவுக்குள் படுத்துக்கிடந்தேன்.

விடுதிக்குத் திரும்பிய சில நாளில், தேர்தலைப் பற்றித் துறையில் ஒரு கருத்தரங்கு. எங்கள் விரிவுரையாளர் யாழ்ப்பாணத்துக்காரர், அக்கறையாகப் படிப்பிப்பவர். திரையில் எங்கள் மாவட்டத்தின் நிராகரிக்கப்பட்ட வாக்குகளைக் காட்டினார். வரைபடத்துக்குக் கீழே காரணம் எழுதியிருந்தது: 'தோட்டப்புற வாக்காளரிடையே விழிப்புணர்வின்மை.'

கையை உயர்த்திவிட்டு எழும்பினேனா, எழும்பிய பிறகு உயர்த்தினேனா தெரியாது.

"சேர், எங்கம்மாவுக்கு எப்படிப் போடணும்னு நல்லாத் தெரியும். தெரிஞ்சேதான் ரெண்டு புள்ளடி போட்டாங்க."

"ஏன் பிள்ளை?"

சூடத்தைச் சொன்னேன். தகரப் பட்டியலைச் சொன்னேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியளோ, அருமையான உதாரணம். மத நம்பிக்கை, தொழிற்சங்க அழுத்தம். எல்லாரும் எழுதிக்கொள்ளுங்கோ." எல்லாரும் எழுதினார்கள். அத்தோடு உட்கார்ந்துவிட்டிருந்தால் எனக்கு நல்ல பெயர். பாதிக் கதைக்குக் கிடைக்கும் நல்ல பெயர்.

"இன்னும் இருக்கு சேர். ரெண்டாவது சத்தியத்த வாங்கினது நான்."

தலைமேல் கை வைக்க வைத்ததைச் சொன்னேன். பேனாக்கள் நின்றன. அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதை எந்த வகைக்குள்ள போடுறது?" உண்மையாகத்தான் கேட்டார்.

"தெரியல சேர். என்னையும் தலைவரையும் ஒரே வகையில போடுங்க. ஆனா விழிப்புணர்வு இல்லன்னு எழுதியிருக்கீங்களே, அத அழிங்க. அந்த வீட்டுல அது இருந்த ஒரே ஆள் அவங்கதான்."

"சரி, பிறகு பாப்பம். இருங்கோ பிள்ளை, நேரம் போகுது" என்று அடுத்த படத்துக்குப் போகப் பார்த்தார்.

நான் நின்றுகொண்டேயிருந்தேன். திரை மறைக்குது என்று பின் வரிசையில் முனகினார்கள்.

மறைக்கட்டும்.