கூழில் கூட்டிய உப்பு

என் தம்பி குமரேசனைச் சாய்த்தது மரக்காணத்து உப்பள வெயில் அல்ல. நான்தான்!

அவனுக்கு நெடுநாளாக மனநோய். காதில் யாரோ பேசுவதாகச் சொல்வான். மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை விழுங்க மறுத்தான். அதைப் பொடித்து, காலையில் அவன் குடிக்கும் கேழ்வரகுக் கூழில் அவனறியாமல் கலந்தேன். கசப்பு தெரியாதிருக்க உப்பைக் கூட்டினேன்.

“என்னண்ணா, கடலையே கரைச்சிட்டியா?”

“உப்பளத்துக்காரனுக்கே உப்பு கரிக்குதாடா? குடி.”

சிரித்துக்கொண்டே குடித்தான்...

என் மகளின் நிச்சயதார்த்தம் நெருங்கியது. சபையில் அவன் தனக்குத்தானே பேசினால்? யாரையும் கேட்காமல் மாத்திரையை இரட்டிப்பாக்கினேன். படித்தவனல்லவா, எனக்குத் தெரியாததா!

நிச்சயம் முடிந்த மறுநாள், பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தவன் விழுந்தான். உடம்பு அனலாய்க் கொதித்தது. கைகால்கள் கட்டையாய் விறைத்திருந்தன. தாடை திறக்கவில்லை.

மருத்துவமனையில் கேட்டார்கள்: “மனநோய்க்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுறாரா?”

என் பக்கத்தில் சம்பந்தி நின்றிருந்தார்.

“இல்லைங்க. வெயில்தான்” என்றேன்.

விடிந்தபோது காய்ச்சல் இன்னும் ஏறியிருந்தது; சிறுநீர் கறுத்திருந்தது. அப்போதுதான் மருத்துவரின் அறைக்குத் தனியே போய் உண்மையைச் சொன்னேன். அந்த மாத்திரை சிலருக்கு இப்படித் திரும்பிவிடுமாம். தசை சிதைந்து சிறுநீரகத்தைக் கெடுத்துவிடுமாம். மாத்திரையை நிறுத்தி, உடம்பைக் குளிரவைத்து, விறைப்பு இறங்க மருந்து ஏற்றினார்கள்.

“நேத்தே சொல்லியிருக்கலாமே, ஐயா” என்றார் அவர். அவ்வளவுதான்.

உயிர் பிழைத்தான். சிறுநீரகம் பிழைக்கவில்லை. டயாலிசிஸுக்குப் புதுச்சேரிக்கு நான்தான் அழைத்துப் போகிறேன். அவன் சாப்பாட்டில் இப்போது உப்பைக் குறைக்க வேண்டுமாம்! மனநோய்க்கு வேறு மருந்து. எதற்கென்று சொல்லிக் கொடுத்தால் மறுக்காமல் விழுங்குகிறான். அன்றும் சொல்லியிருக்கலாமே... ஏன் சொல்லவில்லை?

“அண்ணன்னா இப்படி இருக்கணும்” என்கிறது ஊர். மகள் இரண்டு பிள்ளைகளுக்குத் தாயாகிவிட்டாள். இனி யாருக்கு அஞ்சுகிறேன்? உங்களுக்கு எழுத முடிகிறது. அவனிடம் சொல்ல வாய் வரவில்லை.

நேற்று பேருந்துக்காக நின்றிருந்தோம். தன் தலையிலிருந்த துண்டை எடுத்து என் தலையில் போட்டான்.

“வெயில்ல நிக்காதண்ணா. பொல்லாதது. என்னையே சாச்சிடுச்சில்ல...”

துண்டை முகத்துக்கு இழுத்துக்கொண்டேன். நேற்றும் சொல்லவில்லை.