மாடசாமி மாமாவின் ஓட்டு

தெஹியோவிட்டைப் பக்கம் மழை பிடித்தால் ரப்பர் மரத்தில் பால் வெட்ட முடியாது. அன்றும் வேலையில்லாமல் வீட்டில் கிடந்தேன். கீழ் லயத்து வீட்டு வரிசையிலிருந்து சாவுத் தப்பு மேளம் கேட்டது. அடி மாடசாமி மாமாவுடையது.

"மாமா இன்னைக்கு யாரை வழியனுப்புறாரு?" என்று மனைவியிடம் சிரித்தேன்.

அவர் மகன் செல்லையா நனைந்தபடி வந்தார். "மச்சான், அப்பா விடியக்காலையிலயே போயிட்டாரு."

"அப்ப தப்பு அடிக்கிறது யாரு?"

"யாரு அடிப்பா? ஆணியில தொங்குது."

அதற்குள் சத்தம் நின்றுவிட்டது.

மாமாவைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வெள்ளைக்காரர் காலத்தில் எங்கள் தொகுதியின் மெம்பர் இறந்து, இடைத்தேர்தல் வந்தது. தோட்டத்துக் கணக்கப்பிள்ளை மாமாவிடம், "மெம்பர் செத்துட்டாரு, எல்லாரும் ஸ்கூலுக்கு வரணும்னு தப்படிச்சுச் சொல்லு" என்றாராம். மாமா சாவு அடியையே அடித்துவிட்டார். சனம் வாய்க்கரிசியோடு போய் நின்றது. ஒப்பாரிக்குத் தயாராகப் போன பெண்கள் பிணத்தைத் தேடினார்கள். அங்கே இருந்ததோ ஓட்டுப் போட, வேட்பாளருக்கு ஒரு நிறமாக, திரைக்குப் பின்னால் ஒரு சிவப்புப் பெட்டியும் ஒரு மஞ்சள் பெட்டியும்.

இதைச் சொல்லும்போது மாமாவும் சிரிப்பார். அடுத்ததைச் சொல்லும்போது சிரிக்க மாட்டார்.

"திரைக்குப் பின்னால தனியா நின்னேன், மாப்பிள. மஞ்சப் பெட்டியில சீட்டைப் போட்டேன். அது விழல. உள்ளருந்து ஒரு கை வாங்கிக்கிச்சு."

இலங்கைக்குச் சுதந்திரம் வந்ததும் தோட்டத் தமிழர்களான எங்கள் ஓட்டுரிமையைப் பறித்தார்கள். பாதிச் சனம் இந்தியாவுக்குக் கப்பலேறிய பிறகும் மாமா இங்கேயே இருந்தார். ஒவ்வொரு தேர்தலுக்கும் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, வரிசையில் போய் நிற்பார். "நமக் நெஹே, சீயே," பெயர் இல்லை தாத்தா என்று சிங்களத்தில் சொல்லி அனுப்புவார்கள். மறுபடியும் அடுத்த தேர்தலுக்குப் போவார்.

நான் சும்மா இருப்பேனா? "அன்னைக்கே உங்க ஓட்டைச் செத்தவரு வாங்கிட்டுப் போயிட்டாரு மாமா. அவருகிட்டத் திருப்பிக் கேளுங்க" என்பேன்.

"கேப்பேன் மாப்பிள. போறப்ப கேப்பேன்" என்றார் ஒருமுறை. அவர் முகத்தைப் பார்த்து அடுத்த கேலியை விழுங்கிவிட்டேன்.

மாமா இறந்த அன்று அவர் வீட்டுக்குப் போனேன். அடுப்பைக்கூடப் பற்றவைக்கவில்லை. மழைக்காலத்தில் நெருப்பில் காய்ச்சாமல் தப்பு பேசாது. ஆணியில் தொங்கியதைத் தொட்டேன். தோல் சுடச்சுட இருந்தது.

வாய்க்கரிசி போட வரிசையாக நின்றோம். என் முறை வந்தபோது செல்லையா அவருடைய வலது கையை விரிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கை தளர்ந்து கிடந்தது. வலது கை மட்டும் இறுக மூடியிருந்தது. விரல் இடுக்கில் பழுத்து மஞ்சளான ஒரு சீட்டின் ஓரம் தெரிந்தது.

"விடு மச்சான்," என்றேன். "அது அவரோடது."

அப்படியே அடக்கம் செய்தோம்.

போய் வாருங்கள் மாமா. இந்த முறை வரிசையிலிருந்து உங்களை யாரும் திருப்பி அனுப்ப முடியாது. திரைக்குப் பின்னால் போகும்வரை மட்டும் கையைத் திறந்துவிடாதீர்கள்.