குதிரைக் காய்ச்சல்

சித்திரை வெயில் கொதித்துக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், கம்பளியைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒருவர் எங்கள் ஆஸ்பத்திரி பெஞ்சில் நடுங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போன பிறகுதான் ஆளை அடையாளம் தெரிந்தது. ஐந்து நாளைக்கு முன்னால் நான்தான் அவரை வீட்டுக்கு அனுப்பிவைத்திருந்தேன். கை முழுக்கச் சிவந்த தடிப்பு. முழங்கால் இரண்டும் வீங்கி, மடக்க முடியாமல் நீட்டிக்கொண்டிருந்தார். பற்கள் அடித்துக்கொள்ளும் அந்த நடுக்கத்திலும் என்னைப் பார்த்ததும் கேட்டுவிட்டார்: "நீங்கதான சிஸ்டர் சொன்னீங்க, இனிமே ஒண்ணும் வராதுன்னு?" இருபது வருஷம் நர்ஸ் வேலை பார்த்தவள் நான். ஏச்சு வாங்குவதும் திருப்பிக் கொடுப்பதும் எனக்குக் கைவந்த கலை. அன்றைக்கு டாக்டரம்மாவைக் கூட்டிவரத் திரும்பி நடந்தேன். நான் அப்படிச் சொன்னது உண்மை.

வார்டில் நாங்கள் அவரைப் பூக்கார அக்கா என்போம். கறம்பக்குடிப் பக்கம் ஒரு ஊரில் அவருக்கு முல்லைத் தோட்டம். மொட்டு விரிவதற்குள் பறித்தாக வேண்டும் என்று நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு இருட்டோடு இறங்கிவிடுவார். அப்படி ஒரு விடியற்காலையில் கணுக்காலில் கண்ணாடி விரியன் கடித்தது. கணவர் மொபெட்டில் வைத்துக் கொண்டுவந்து சேர்த்தபோதே பல் ஈறில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. கண்ணாடிக் குழாயில் பிடித்து வைத்த ரத்தம் இருபது நிமிஷம் கழித்தும் உறையாமல் தண்ணீராக ஓடியது. விஷமுறிவு மருந்தைக் குப்பி குப்பியாக ஏற்றினோம். மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்தவர், பிழைத்ததற்குக் கடவுளைக் கும்பிடுவார் என்று பார்த்தால், "தோட்டத்துல பூவெல்லாம் விரிஞ்சு வீணாப் போயிருக்கும்" என்று புலம்பினார். ஐந்தாம் நாள் அனுப்பினோம். வாசலில் கணவர் தயங்கி நின்று, இனி ஏதாவது வருமா என்று கேட்டார். "ஒண்ணும் வராது, தைரியமா போங்க" என்றேன். நல்ல மனசோடுதான் சொன்னேன். எனக்குப் பின்னால் நாலு பேர் காத்திருந்தார்கள் என்பதும் உண்மை.

கடிபட்ட பத்தாம் நாள் காய்ச்சல் கொளுத்தியிருக்கிறது. வீட்டில் எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்துவிட்டார்கள். கணவரின் அண்ணன்தான் அந்த வீட்டில் கடைசி வார்த்தை சொல்கிறவர். "ஊசி வெசத்த அமுக்கித்தான் வச்சிருந்திருக்கு, இப்பக் கெளம்பிருச்சு" என்று சொல்லிவிட்டு, பச்சிலை வைத்தியரிடம் கொண்டுபோகக் காரையே கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டார். வைத்தியர் சொல்லும் பத்தியத்துக்கு உப்பில்லாத கஞ்சிகூடத் தயாராகிவிட்டது. அக்கா ஏற மறுத்துவிட்டார். பயம் இல்லாமல் இல்லை. செத்துப்போய்விடுவோம் என்றுதான் தானும் நினைத்ததாகப் பின்னால் என்னிடம் சொன்னார். ஆனாலும், "காச்சல் ஏன் வந்துச்சுன்னு ஊசி போட்டவங்க மொதல்ல சொல்லட்டும். அவங்களுக்குத் தெரியலன்னா நானே ஒங்க கூட வாரேன்" என்று அடித்துச் சொல்லிவிட்டு, கணவரின் மொபெட்டில் ஏறி வந்துவிட்டார். அந்தப் பதிலுக்காகத்தான் பெஞ்சில் காத்திருந்தார்.

டாக்டரம்மா பொறுமைசாலி. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். விஷமுறிவு மருந்து குதிரையிடமிருந்து வருகிறது. பாம்பு விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்கு ஏற்றினால், அதை முறிக்கும் சக்தி அதன் ரத்தத்தில் உண்டாகிறது. அந்த ரத்தத்திலிருந்து பிரித்ததைத்தான் நமக்கு ஏற்றுகிறோம். அது விஷத்தை முறித்துவிடுகிறது. ஆனால் அது குதிரையின் புரதம், நம்முடையது இல்லை. உடம்பு தனக்குச் சொந்தமில்லாததைக் கண்டுபிடித்துவிடும். எதிர்ப்பதற்குப் பொருத்தமான ஆட்களைத் திரட்ட அதற்கு ஒரு வாரம், பத்து நாள் ஆகும். திரட்டி முடித்ததும் சண்டை. சண்டையில் ஒட்டிக்கொண்ட இரண்டு தரப்பும் தோலிலும் மூட்டிலும் போய்த் தங்கும். அதனால்தான் தடிப்பும் வீக்கமும். காய்ச்சல் உடம்பு தானே மூட்டிக்கொள்கிற சூடு. "வெசம் அன்னைக்கே போயிருச்சும்மா. இப்ப ஒங்க ஒடம்பு குதிரையத்தான் வெரட்டுது" என்று முடித்தார்.

அக்கா தன் கைத் தடிப்பை விரலால் அழுத்திப் பார்த்தார். "வெசத்த ஏத்துறப்ப அந்தக் குதிரைக்குக் காச்சல் வராதா?" என்று முதலில் கேட்டார். வந்தாலும் வரும் என்று டாக்டரம்மா சிரித்தார். அடுத்த கேள்விக்கு அவர் சிரிக்கவில்லை. "மறுபடி பாம்பு கடிச்சா, என் ஒடம்புதான் இப்பக் குதிரைய அடையாளம் தெரிஞ்சு வச்சிருக்கே. அப்ப இந்த மருந்த ஏத்தினா என்னாகும்?" தோட்டத்தை விட்டுவிடப் போகிறவர் கேட்கிற கேள்வி இல்லை அது. நாளைக்கும் அதே இருட்டில் இறங்கப் போகிறவர் கேட்டது. டாக்டரம்மா மறைக்காமல் சொன்னார். உடம்பு உடனே சீறலாம், மூச்சுகூடத் திணறலாம், அதற்கும் கையில் மருந்து உண்டு. விஷம் ஏறியிருந்தால் அதை முறிக்க இதை விட்டால் வேறு வழி இல்லை. தயங்காமல் வரவேண்டும், வந்ததும் இந்தக் கதையை முதலில் சொல்லவேண்டும்.

மாத்திரையில் ஒரு வாரத்தில் காய்ச்சலும் வீக்கமும் வடிந்தன. எனக்குத்தான் தூக்கம் போயிற்று. இந்த அக்கா பிடிவாதக்காரர், வந்தார், கேட்டார். இவருக்கு முன்னால் நான் தைரியம் சொல்லி அனுப்பியவர்களுக்குக் காய்ச்சல் வந்தபோது அவர்கள் எங்கே போயிருப்பார்கள்? தெரியாது. தெரிந்துகொள்ளவும் வழி இல்லை. அன்றிலிருந்து விஷமுறிவு மருந்து வாங்கிய யாரையும் நான் வெறும் தைரியம் சொல்லி அனுப்புவதில்லை. எத்தனை பேர் காத்திருந்தாலும் சரி, காய்ச்சல் வரலாம், அது விஷம் இல்லை, இங்கேதான் வரவேண்டும் என்று மூன்றையும் சொல்லி, திருப்பிச் சொல்லவைத்த பிறகே வாசலைத் தாண்ட விடுவேன். அக்கா ஊரில் இதற்குள் குதிரைக் காய்ச்சல் என்று அவரே பேர் வைத்து, கேட்டவர் கேளாதவர் எல்லோருக்கும் சொல்லி முடித்திருந்தார்.

இரண்டு வருஷம் கழித்து ஐப்பசி மழையில் மறுபடி கடித்தது. இந்தத் தடவை காலில் ரப்பர் பூட்ஸ் இருந்தது. கடிபட்டது கை. வந்து இறங்கியதும், வலியைச் சொல்வதற்கு முன்னால், "எனக்கு ஏற்கெனவே குதிரை ஏத்திருக்கு" என்று புதிதாக வந்திருந்த டாக்டரிடம் சொன்னார். அவர் முழிக்க, நான் விளக்கினேன். குழாயில் ரத்தம் உறையவில்லை. மருந்தைத் தொடங்கிப் பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, மூச்சு இழுத்தது. உடனே நிறுத்திவிட்டு, அந்தச் சீறலை அடக்கும் ஊசியைத் தொடையில் போட்டோம். மூச்சு சீராகும்வரை ஆக்சிஜன் முகமூடியை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். கணவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். அண்ணன், "போதும் நிப்பாட்டுங்க, எங்க புள்ளைய நீங்களே கொன்னுருவீங்க போல" என்று கத்தினார். அவரைக் குறை சொல்லமாட்டேன். அவர் கண்ணால் பார்த்தது அப்படி.

ஈறில் ரத்தம் நிற்கவில்லை. மருந்தை மறுபடி தொடங்கினால் உடம்பு சீறும், தொடங்காவிட்டால் விஷம் விடாது. டாக்டர் அதை அவரிடமே நேராகச் சொன்னார். அக்கா வீங்கிய உதட்டோடு அண்ணன் பக்கம் திரும்பி, "அத்தான், செத்த நேரம் வெளிய இருங்க" என்றார். பிறகு என்னிடம் கையை நீட்டினார். "ஏத்துங்க சிஸ்டர். அது சீறட்டும், நீங்க பாத்துக்குங்க." சொட்டுச் சொட்டாகத் தொடங்கினோம். அந்தக் கட்டிலை விட்டு நான் நகரவில்லை. ஆறு மணி நேரம் கழித்து மத்தியானத்தில் எடுத்த ரத்தத்தை, இருபது நிமிஷம் ஆனதும் குழாயோடு கவிழ்த்தேன். ரத்தம் உறைந்து அப்படியே நின்றது. வெளியே போய் அண்ணனிடம் குழாயைக் கவிழ்த்துக் காட்டினேன். அவருக்கு என்ன புரிந்ததோ, தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நாலாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது மூன்று பேரையும் வரிசையாக நிறுத்தி வைத்துச் சொன்னேன். இந்தத் தடவை காய்ச்சல் முன்னதாகவே வரலாம் என்பதையும் சேர்த்துக்கொண்டேன். ஒரு நாள் விட்டு மறுநாள் காலை போன் வந்தது. "சிஸ்டர், வந்துருச்சு" என்றார் அக்கா, பல் நடுங்க. பின்னால் ஆண் குரல் ஒன்று காட்டுக்கத்தலாகக் கத்திக்கொண்டிருந்தது. கார் சத்தமும் கேட்டது. எனக்குப் பச்சிலை வைத்தியர் ஞாபகம் வந்தது. எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன்.

"அத்தான்தான் கார வாசல்ல நிப்பாட்டிக்கிட்டு, குதிரைக் காச்சல் வந்துருச்சு, ஆஸ்பத்திரிக்கு ஏறு ஏறுன்னு உசுர வாங்குறாரு. நான்தான், பூவ பஸ்ஸுல ஏத்தி விட்டுட்டு வாரேன்னு சொல்லிக்கிட்டிருக்கேன்."

"பூவைப் போட்டுட்டு மொதல்ல ஏறுங்கக்கா" என்று நானும் கத்தினேன்.